மஞ்சள் விளக்கு எரிகிறதா? கார்க்காரர்களே, உஷார்!

கட்டை விரல் அளவு 'சென்சார்' நடுரோட்டில் காலை வாரும். முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் 7 அறிகுறிகள்

தளவாய்புரம்,

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென்று நின்று விடுகிறது. சாவியைத் திருப்பினால் 'கிர்...கிர்...' என்று சுற்றுகிறதே தவிர, ஸ்டார்ட் ஆகவில்லை.

அரை மணி நேரம் கழித்துத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது!

பேய் பிடித்த காரா? இல்லை. பல நேரங்களில் இது கட்டை விரல் அளவே உள்ள ஒரு சின்னக் கருவி செய்யும் வேலை. அதன் பெயர் 'சென்சார்'.

சென்சார் பெரும்பாலும் ஒரே நாளில் சாவது இல்லை. அதற்கு முன்பே துப்பு கொடுக்கும். அந்தத் துப்பைப் புரிந்துகொண்டவர் ஒர்க்ஷாப்புக்குத் தானே ஓட்டிச்செல்வார். புரியாதவர் கயிறு கட்டி இழுத்துச்செல்வார்!

பண்டல் ஏற்றும் ஊர்

ராஜபாளையத்துக்குத் தெற்கே உள்ள தளவாய்புரம், நைட்டி தைக்கும் தொழிலுக்குப் பெயர் போன ஊர். பக்கத்தில் உள்ள செட்டியார்பட்டி, முகவூர் பகுதிகளிலும் இதே பிழைப்புதான். தைத்த சரக்கு வெளியூர் போய்ச் சேர்ந்தால்தான் காசு. அதனால் இங்கே வண்டி என்பது சொகுசு அல்ல. வயிற்றுப்பாடு!

பக்கத்திலேயே திருமங்கலத்தில் இருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சேத்தூர், புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை என்று அது நீள்கிறது. புளியரை தாண்டினால் மலை ஏற்றம். 'எஸ்' வளைவு. பக்கத்தில் பாறை, மறுபக்கம் பள்ளம்.

சபரிமலை சீசனில் இந்தச் சாலையில் இரவும் பகலும் வண்டிகள் போகும். குற்றாலத்தில் சாரல் விழுந்தாலும் அப்படியே.

அந்த ஏற்றத்தில், அந்தக் கூட்டத்தில், பின்னால் லாரி வந்துகொண்டு இருக்கும்போது என்ஜின் 'ஆப்' ஆனால் என்ன ஆகும்? நினைத்தாலே குலை நடுங்கும்.

ஈரத்துணி வைத்தியம்

அந்தக் காலத்து அம்பாசிடர், பியட் கார்களில் சென்சார் கிடையாது. கார்ப்பரேட்டர், காண்டாக்ட் பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டர்... அவ்வளவுதான்.

வெயிலில் வண்டி நின்று விட்டால், டிரைவர் பானெட்டைத் திறப்பார். பெட்ரோல் பம்ப் மீது ஈரத்துணியைப் போடுவார். ஒரு டீ குடித்துவிட்டு வருவார். வண்டி கிளம்பிவிடும்!

சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்வதுதான் அப்போது கோளாறு. கண்ணுக்குத் தெரிந்த நோய். கைக்கு எட்டிய மருந்து.

அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2000-ம் ஆண்டு ஏப்ரலில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நாடு முழுவதும் கடுமையாயின. அதன் பிறகு கார்ப்பரேட்டர் மெல்ல மெல்ல விடைபெற்றது. 2014-ம் ஆண்டில் அம்பாசிடர் காரின் உற்பத்தியே நின்றது. 2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் நாடு முழுவதும் 'பி.எஸ்.6' விதி வந்துவிட்டது.

இன்றைய காரில் பெட்ரோல் எவ்வளவு விடுவது, தீப்பொறி எப்போது கொடுப்பது என்பதை எல்லாம் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. மெக்கானிக்குகள் அதை 'ஈ.சி.எம்.' என்பார்கள்.

கண்ணும் காதும்

அந்தக் கம்ப்யூட்டருக்கு மூளை உண்டு. கண் கிடையாது, காது கிடையாது. சென்சார்கள்தான் அதற்குக் கண்ணும் காதும்.

காற்று எவ்வளவு உள்ளே போகிறது என்று ஒரு சென்சார் சொல்லும். தண்ணீர் எவ்வளவு சூடு என்று ஒன்று சொல்லும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தார்கள் என்று ஒன்று. சைலன்சர் வழியாகப் போகும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று இன்னொன்று.

எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று இருந்தால் கலவை சரியாக எரியும். அந்தக் கணக்கைக் கட்டிக்காப்பது இந்தச் சென்சார்கள் சொல்லும் சேதிதான். புகையை மோப்பம் பிடிக்கும் ஆக்சிஜன் சென்சாரை 1976-ம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டு வால்வோ கார்களில் பொருத்திவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் ராஜா, 'கிராங்க் சென்சார்'. என்ஜின் தண்டோடு சுற்றும் பல்சக்கரத்தின் பற்களை இது எண்ணிக்கொண்டே இருக்கும். பல கார்களில் 60 பல் வரவேண்டிய இடத்தில் 2 பல்லை விட்டுவிட்டு 58 பல் வைத்திருப்பார்கள். அந்த இடைவெளிதான் அடையாளம்.

என்ஜின் நிமிடத்துக்கு 3 ஆயிரம் சுற்று சுற்றும்போது, இந்தச் சென்சார் ஒரு வினாடியில் 2 ஆயிரத்து 900 பற்களை எண்ணுகிறது! இது எண்ணுவதை நிறுத்தினால் கம்ப்யூட்டருக்கு என்ஜின் சுற்றுவதே தெரியாது. பெட்ரோலையும் தீப்பொறியையும் நிறுத்திவிடும். கார் அங்கேயே படுத்துவிடும்.

அறிகுறி 1: மஞ்சள் விளக்கு

டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு உண்டு. சாவி போட்டதும் எரிந்து, என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிட வேண்டும்.

அணையாமல் எரிந்தால், கம்ப்யூட்டர் ஏதோ ஒரு கோளாறைக் குறித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். வண்டி சாதாரணமாக ஓடினால் பதற்றம் வேண்டாம். ஓரிரு நாளில் காட்டிவிடலாம்.

ஆனால், அது 'மினுக், மினுக்' என்று விட்டு விட்டு எரிந்தால் விஷயம் வேறு. சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறது என்று பொருள். அந்தப் பெட்ரோல் சைலன்சர் குழாயில் உள்ள 'கேட்டலிடிக் கன்வெர்ட்டரில்' போய் எரிந்து, அதைப் பாழாக்கிவிடும். அது விலை உயர்ந்த சாமான். உடனே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்ட வேண்டும்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவி போட்டதும் இந்த விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால், கோளாறை மறைக்க யாரோ கை வைத்திருக்கலாம்!

அறிகுறி 2: சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும்

"காலைல நல்லாத்தாண்ணே வந்துச்சு. மத்தியானம் வெயில்ல நின்னு போச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு தானா ஸ்டார்ட் ஆயிருச்சு."

இப்படி யாராவது சொன்னால், முதல் சந்தேகம் கிராங்க் சென்சார் மீது போகவேண்டும். அதன் உள்ளே உள்ள நுண்ணிய கம்பிச்சுருளோ மின்னணுச் சில்லோ சூட்டில் தொடர்பு அறுந்துபோகும். ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

தானாகச் சரியானது என்று ஏமாறக்கூடாது. அடுத்த தடவை அது நிற்கும் இடம் வீட்டு வாசலாக இருக்கும் என்பதற்கு யார் உத்தரவாதம்?

இன்னொரு துப்பும் உண்டு. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். பல கார்களில் அது லேசாகத் துள்ளும். கொஞ்சமும் அசையாமல் பூஜ்யத்திலேயே கிடந்தால், அதுவும் கிராங்க் சென்சாரைத்தான் காட்டுகிறது.

அறிகுறி 3: காலையில் மக்கர்

காலையில் பல தடவை சாவி போட்டால்தான் கிளம்புகிறது. கிளம்பியதும் கறுப்புப் புகை. அல்லது, சாவி போட்டவுடனேயே ரேடியேட்டர் பேன் 'உய்ய்' என்று ஓடிக்கொண்டே இருக்கிறது.

இது தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சாரின் சேட்டையாக இருக்கலாம். அதன் வயர் அறுந்து கிடந்தால், ஸ்கேனரில் சூடு 'மைனஸ் 40 டிகிரி' என்று காட்டும். ராஜபாளையம் சித்திரை வெயிலில் மைனஸ் 40! அதை நம்பினால் கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளித்தான் ஊற்றும்.

அறிகுறி 4: நிற்கும்போது 'உறுமல்'

சிக்னலில் நிற்கும்போது என்ஜின் சத்தம் ஏறுகிறது, இறங்குகிறது. சில சமயம் 'பொசுக்' என்று அணைந்தும்விடுகிறது. "ஐடிலிங் நிக்க மாட்டேங்குது" என்பார்கள்.

காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம். த்ராட்டிலில் கரி ஏறி இருக்கலாம். எங்காவது ரப்பர் குழாய் வெடித்துக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகலாம். தூசிச் சாலையில் ஓடும் வண்டிகளில் ஏர் பில்டரைக் கவனிக்காமல் விட்டால் இந்தத் தொல்லை சீக்கிரம் வரும்.

அறிகுறி 5: மிதித்தாலும் இழுக்கவில்லை

ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தாலும் வண்டி மாட்டுவண்டி போலப் போகிறது. மிதிக்கும்போது 'ஜெர்க்' அடிக்கிறது.

மிதிக்கட்டையிலோ த்ராட்டிலிலோ உள்ள சென்சார் குழம்பிவிட்டால், கம்ப்யூட்டர் யாரையும் நம்பாது. 'வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்' என்று வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும். என்ஜினைக் காப்பாற்ற அது செய்யும் தந்திரம் இது. அந்த நிலையில் மலை ஏறுவது அறிவீனம்.

டீசல் வண்டிகளில் டீசல் அழுத்தத்தை அளக்கும் சென்சார் கெட்டாலும் இழுவை போகும். சில நேரம் வண்டி நின்றேவிடும்.

அறிகுறி 6: பெட்ரோல் குடிக்கிறது

ஓட்டுவதும் அதே ஆள். ஓடுவதும் அதே ரோடு. ஆனால் மைலேஜ் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. சைலன்சரில் கரி. சில நேரம் அழுகிய முட்டை நாற்றம்!

ஆக்சிஜன் சென்சார் வயதாகி மந்தமாகிவிட்டால் இப்படி ஆகும். புகைப் பரிசோதனையில் வண்டி தேறாமல் போவதற்கும் இது ஒரு காரணம். இந்தச் சென்சார் வண்டியை நிறுத்தாது. பர்ஸைத்தான் காலி செய்யும்.

அறிகுறி 7: ஏற்றத்தில் 'டிக்டிக்'

மலை ஏறும்போது என்ஜினுக்குள் கோலிக்குண்டு உருட்டுவதுபோல 'டிக்டிக்' சத்தம் கேட்கிறதா? என்ஜின் தட்டுவதைக் கேட்டு, தீப்பொறியின் நேரத்தைத் தள்ளி வைக்கும்படி சொல்வதற்கு ஒரு சென்சார் உண்டு. அதன் காது கேட்காமல் போயிருக்கலாம். மட்டமான பெட்ரோலும் காரணமாக இருக்கலாம். கவனிக்காவிட்டால் பிஸ்டனுக்கே ஆபத்து.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ, சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டாலோ, "சென்சார் கோளாறுதான்" என்று சொல்லிக்கொண்டு ஓட்டக்கூடாது. உடனே நிறுத்தி, என்ஜினை அணைத்து, பார்க்க வேண்டும்.

78 உயிர்களைக் குடித்த பொய்

சென்சார் சாவதைவிட, பொய் சொல்வதுதான் ஆபத்து. அமெரிக்காவில் நடந்த பயங்கரம் அதற்குச் சாட்சி.

1982-ம் ஆண்டு ஜனவரி மாதம் 13-ந் தேதி. வாஷிங்டனில் கடும் பனி. 'ஏர் புளோரிடா' கம்பெனியின் போயிங் 737 விமானம் 79 பேருடன் கிளம்பியது.

என்ஜின் முகப்பில் அழுத்தத்தை அளக்கும் முனை பனிக்கட்டியால் அடைபட்டிருந்தது. பனியை உருக்கும் சுவிட்சை விமானிகள் போடவில்லை. அதனால், என்ஜின் முழு பலத்தோடு ஓடுவதாக மீட்டர் காட்டியது. உண்மையில் பலம் அதைவிட மிகக் குறைவு!

ஓடும்போதே துணை விமானிக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியது. அதைச் சொல்லவும் செய்தார். ஆனால் விமானம் நிறுத்தப்படவில்லை. மேலே எழும்ப முடியாமல் பாலத்தில் மோதி, போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. விமானத்தில் 74 பேரும், பாலத்தில் காரில் வந்த 4 பேரும் பலியானார்கள்.

இறக்கையில் படிந்த பனியும் அந்த விபத்துக்கு ஒரு காரணம். ஆனாலும் அது தரும் பாடம் கார்க்காரருக்கும் பொருந்தும். மீட்டர் ஒன்று சொல்கிறது, வண்டியின் ஓட்டம் வேறொன்று சொல்கிறது என்றால், ஓட்டத்தை நம்பி நிறுத்த வேண்டும்.

"சென்சாரை மாத்துங்க!"

சரி, அறிகுறி தெரிந்துவிட்டது. உடனே புது சென்சார் வாங்கிப் போட்டுவிடலாமா?

கூடாது! பணம் போவது பெரும்பாலும் இங்கேதான்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரை மாட்டினால், கம்ப்யூட்டர் குறித்து வைத்த கோளாறு எண்ணைக் காட்டும். செல்போனோடு சேர்ந்து வேலை செய்யும் சின்ன ஸ்கேனர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது.

ஆனால், அந்த எண் தீர்ப்பு அல்ல. வெறும் புகார்தான்!

உதாரணம், 'பி 0171'. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று இதற்குப் பொருள். சொன்னது ஆக்சிஜன் சென்சார். உடனே அதைக் கழற்றி எறிந்தால்? உண்மையான குற்றவாளி வெடித்த ரப்பர் குழாயாகவோ, அடைத்துக்கொண்ட பெட்ரோல் பில்டராகவோ இருக்கலாம். உண்மை சொன்ன சாட்சியைத் தூக்கில் போட்ட கதையாகிவிடும்.

'பி 0335' என்றால் கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. 'சர்க்யூட்' என்பதைக் கவனிக்க வேண்டும். சென்சாரும் இருக்கலாம், வயரும் இருக்கலாம். மரத்தடியில் நாள்கணக்கில் நிற்கும் வண்டியில் எலி புகுந்து வயரைக் கடிப்பது கிராமங்களில் சகஜம். வாட்டர் சர்வீசில் என்ஜின் மீது வேகமாகத் தண்ணீர் அடித்தால் கனெக்டருக்குள் ஈரம் போவதும் சகஜம். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் கம்ப்யூட்டர் கண்டபடி புகார் எழுதும்.

அதனால் வரிசை இதுதான். முதலில் ஸ்கேன். அடுத்து வயர், கனெக்டர், குழாய். அப்புறம் சுத்தம் செய்து பார்ப்பது. அதன் பிறகு மீட்டர் வைத்து சென்சாரைச் சோதிப்பது. கடைசியில்தான் மாற்றுவது.

காற்றை அளக்கும் சென்சாரைச் சுத்தம் செய்ய அதற்கென்றே ஸ்பிரே உண்டு. துணியால் துடைத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி போய்விடும்.

சிலர் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி, விளக்கை அணைத்துவிடுவார்கள். அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவது போன்றது இது. எந்த நேரத்தில், எந்தச் சூட்டில் கோளாறு வந்தது என்ற குறிப்பும் சேர்ந்து அழிந்துவிடும். மெக்கானிக்குக்குத் துப்பே இல்லாமல் போகும்.

வண்டிக்காரர் செய்யவேண்டியது இன்னொன்றும் உண்டு. "வண்டி சரியில்லண்ணே" என்று மொட்டையாகச் சொல்லக்கூடாது. "பத்து கிலோமீட்டர் ஓடின பிறகு, சூடா இருக்கும்போது மட்டும் நிக்குது" என்று சொல்லவேண்டும். அது பாதி வைத்தியம். மாற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்கவேண்டும். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, மறுபடி ஸ்கேன் செய்து பார்த்த பிறகே பணம் கொடுக்கவேண்டும்.

நடுரோட்டில் நின்றால்...

ஓடும்போதே என்ஜின் நின்றுவிட்டால், முதலில் பதற்றம் கூடாது. வண்டிக்கு இன்னும் வேகம் இருக்கும்போதே இடது ஓரம் கொண்டுபோக வேண்டும். மஞ்சள் 'ஹசார்டு' விளக்குகளைப் போடவேண்டும்.

ஸ்டியரிங் கனத்துப் போகலாம். பலத்தோடு திருப்பினால் திரும்பும். வண்டி நகரும்போது சாவியை உருவக்கூடாது. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்!

பிரேக்குக்கு உதவும் காற்றிழுப்பு, ஓரிரு மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும். 'பொசுக், பொசுக்' என்று மிதித்து வீணாக்கக்கூடாது. ஒரே அழுத்தாக அழுத்திப் பிடிக்க வேண்டும்.

நின்றதும் எல்லோரும் இறங்கி, ரோட்டை விட்டு விலகி நிற்கவேண்டும். வண்டிக்குப் பின்னால் நிற்கவே கூடாது. சிவப்பு முக்கோணத்தைச் சுமார் 50 மீட்டர் பின்னால் வைக்கவேண்டும். வளைவு என்றால், வளைவுக்கு முன்பே தெரியும்படி வைக்கவேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண்ணை அழைக்கலாம். காயம் பட்டால் 108.

மாலை போட்டு மலைக்குக் கிளம்புகிறவர்களும், பண்டல் ஏற்றிக்கொண்டு இரவில் புறப்படுகிறவர்களும் டயரில் காற்றைப் பார்க்கிறார்கள். எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறார்கள். அதோடு சாவியைப் போட்டு, அந்த மஞ்சள் விளக்கையும் ஒரு நிமிடம் பார்த்துவிட வேண்டும்.

எரிந்து அணைந்தால், தைரியமாகக் கிளம்பலாம். அணையாமல் நின்றால், புளியரை ஏற்றத்துக்கு முன் ஒர்க்ஷாப்புக்குப் போவதே புத்திசாலித்தனம்!